கப்பலுக்கும் விமானத்துக்கும் இடையில் ஒரு நாள்

பிரயாணம் செய்து பழகியவர்கள் எல்லோரும் அறிந்த ஒரு நாள் உண்டு. அது பிரயாணத்தின் கடைசி நாள். கப்பலை விட்டு இறங்கியாயிற்று. விமானம் ஏறுவதற்கோ இன்னும் நேரம் இருக்கின்றது. அந்த நாளைப் பெரும்பாலோர் இரண்டு வகையாகக் கெடுத்துக்கொள்கின்றனர். ஒரு சாரார் விமானம் தப்பிவிடுமோ என்ற அச்சத்தினால் கதிரையை விட்டு எழும்பாமல் மணிக்கூட்டையே பார்த்திருப்பர். மறு சாரார், பார்க்கத் தவறியவை அனைத்தையும் ஒரே நாளிற் பார்த்துவிட வேண்டுமென்று ஓடிக் களைத்து, ஒன்றையும் செவ்வையாகப் பாராமலே திரும்புவர்.

மூன்றாவது வகை ஒன்றும் உண்டு என்பதை எமது பெரியம்மா 2025ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் எமக்குக் காட்டினார். அதனையே இங்கு சொல்லப் புகுந்தோம்.

துறையும் தளமும்

உலகில் எத்தனையோ நகரங்களிற் கப்பற்றுறை ஒரு கோடியிலும் விமான நிலையம் மறு கோடியிலுமாக இருக்கும். எமது குடாநாட்டிலோ இரண்டும் அயல்வீடுகள் போல அமைந்துள்ளன. காங்கேசன்துறைத் துறைமுகத்துக்கும் பலாலி விமான நிலையத்துக்கும் இடையில் நேர்கோட்டில் அளந்தால் ஐந்து கிலோமீற்றர்கூட இராது.

இரண்டுக்கும் பழைய கதைகள் உண்டு. மாருதப்புரவீகவல்லி என்னும் சோழ இளவரசி தன் நோய் தீரக் கடல் கடந்து வந்து, கீரிமலைத் தீர்த்தத்தில் ஆடிக் குதிரை முகம் நீங்கப் பெற்று, மாவிட்டபுரத்திற் கந்தனுக்குக் கோயில் எடுத்தாள் என்பது ஐதிகம். அக்கோயிலுக்கென வந்த காங்கேயன் திருவுருவம் கரை இறங்கியமையாற் கயத்துறை என்றிருந்த இடம் காங்கேசன்துறை ஆயிற்றென்பர். ஆகவே அந்த ஊரின் பெயரே கப்பலிலிருந்து இறங்கிய ஒன்றின் பெயர்தான்.

பலாலித் தளம் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானிய விமானப்படையினர் அமைத்தது. 1947 டிசெம்பர் 10இல் எயார் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து எழுந்து, இந்தத் தளத்தில் இறங்கிப் பின் சென்னைக்குப் பறந்தது. நாட்டின் சொந்த விமான சேவை தன் முதற் பயணத்திலேயே எமது செம்மண்ணைத் தொட்டுச் சென்றது என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்ளலாம்.

பின்பு வந்த போர் இரு வாயில்களையும் அடைத்தது. 1990ஆம் ஆண்டு நடுப்பகுதியில் வலிகாமம் வடக்கு மக்கள் உடுத்த உடையோடு ஊர்களை விட்டு வெளியேறினர். புகையிரதமும் நின்றது, 1950இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலையும் நின்றது. காங்கேசன்துறைக்குப் புகையிரதம் மீண்டும் வந்தது 2015 தையில். பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது 2019 ஒக்டோபர் 17இல். சென்னையிலிருந்து உல்லாசப் பயணக் கப்பலொன்று காங்கேசன்துறைக்கு வந்தது 2023 ஆனியில். நாகபட்டினத்திலிருந்து பயணிகள் கப்பற்சேவை தொடங்கியது அதே ஆண்டு ஒக்டோபர் 14இல். சில நாட்களில் நின்ற அச்சேவை, 'சிவகங்கை' என்னும் கப்பலோடு 2024 ஆகஸ்ட் 16இல் மறுபடியும் ஆரம்பமாயிற்று. கடல் வழி வந்து வான் வழி போகும் வாய்ப்பு இவ்வாறே எமக்குத் திரும்பக் கிடைத்தது.

பட்டியலும் ஒரு கிணறும்

பெரியம்மா மயிலிட்டியிற் பிறந்து வாழ்க்கைப்பட்டவர். 1990இல் வெளியேறிப் பல இடங்களில் அலைந்து, ஈற்றில் மகளோடு இலண்டனிற் குடியேறினார். பேரப்பிள்ளைகளின் விடுமுறையில் எல்லோரும் தமிழ்நாட்டுத் தலயாத்திரை வந்தனர். யாத்திரை முடிவில் நாகபட்டினத்திற் கப்பலேறி, ஏறக்குறைய நான்கு மணி நேரத்திற் காங்கேசன்துறையில் இறங்கினர். மறுநாட் பிற்பகல் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம். அங்கிருந்து அன்றிரவே இலண்டனுக்கு. இடையில் இருந்தது ஒரு நாள் மாத்திரமே.

துறைமுகத்துக்குச் சென்று அவர்களை அழைத்து வந்தோம். உணவு முடிந்ததும் பேரன் தன் பட்டியலை விரித்தான். நல்லூர், பொதுநூலகம், கோட்டை, நயினாதீவு, காரைநகர்க் கசூரினாக் கடற்கரை, நிலாவரைக் கிணறு என்று அது நீண்டது. எல்லாம் பார்க்கத்தக்க இடங்களே. பெரியம்மா ஒன்றும் பேசாமற் கேட்டுக்கொண்டிருந்தார். "உங்களுக்கு எங்கே போக விருப்பம்?" என்று நாம் வினவியபோது,

"எனக்கு ஒரு இடமும் வேண்டாம், தம்பி. எங்கடை கிணத்தடியை ஒருக்காப் பாத்தாற் காணும்," என்றார்.

மருமகனுக்கு அது சரியாகப் படவில்லை. "மாமி, அங்கே இப்ப பத்தைதான் கிடக்கும். பாம்பு பூச்சி வேறை. பிளேன் ஏறிற நாளிலை ஏன் இந்தக் கரைச்சல்?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நாம் தாளும் பேனையும் எடுத்து நேரத்தைக் கணக்கிட்டோம்.

நயினாதீவுக்குப் போவதாயின் யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவான்வரை தரைவழியே சென்று, அங்கிருந்து படகேற வேண்டும். படகும் கடலும் எமது மணிக்கூட்டுக்குக் கட்டுப்பட்டவை அல்ல. ஆகவே நயினாதீவை மறுமுறைக்கு ஒதுக்கினோம். நல்லூரும் நூலகமும் நகரத்துக்குள்ளேயே உள்ளன. அவற்றை அன்று மாலையே பார்த்துவிடலாம். மயிலிட்டியோ விமான நிலையத்துக்கு அயலிலேயே இருக்கின்றது. கடைசி நாளிற் போகத்தக்க இடம் எதுவென்று பார்த்தால், பெரியம்மா கேட்ட இடமே யாவற்றிலும் வசதியானதாக இருந்தது!

அன்று மாலை நல்லூரிற் கும்பிட்டு, நூலகத்தைப் பார்த்தோம். 1981இல் ஏறக்குறைய 97,000 நூல்களோடு எரிந்த நூலகம் இது என்று சொன்னபோது பேத்தி, "எரிந்த நூல்களில் என்ன இருந்தது என்று யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டாள். "படித்தவர்கள் இருக்கும்வரை தெரியும்," என்றோம். அந்த மறுமொழியின் பொருள் மறுநாட் காலையிலேதான் எமக்கே நன்றாக விளங்கிற்று.

உறுதியில் எழுதாதவை

விடியற்காலையிற் புறப்பட்டோம். பெரியம்மாவின் கையில் ஒரு துணிப்பை. அதற்குள் காணி உறுதி. இடம்பெயர்ந்த ஊர்களுக்கெல்லாம் அதனை அவர் கூடவே கொண்டு திரிந்திருக்கிறார்.

வலிகாமம் வடக்கிற் காணிகள் கட்டங்கட்டமாகவே விடுவிக்கப்பட்டன. மயிலிட்டித் துறைமுகமும் அதனைச் சூழ்ந்த காணிகளும் 2017 ஆடியிலே கையளிக்கப்பட்டன. இன்னும் கையளிக்கப்படாத காணிகளும் உள்ளன. பெரியம்மாவின் காணி விடுவிக்கப்பட்ட பகுதியிலேயே இருந்தது. ஆனால் அதனை அடையாளங் காண்பதுதான் பெரும்பாடாயிற்று. வேலி இல்லை, வேலியில் நின்ற கிளுவையும் பூவரசும் இல்லை, வீடும் இல்லை. எங்கும் ஒரே பற்றைக் காடு.

மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்றை இங்கே சொல்லுவோம். எமது உறுதிகளிற் காணியின் பெயரும், பரப்புக் கணக்கும், நான்கு எல்லைகளும் எழுதப்பட்டிருக்கும். 16 பரப்புக் கொண்டது ஓர் ஏக்கர். எல்லைகளோ பெரும்பாலும் அயற்காணிக்காரரின் பெயர்களாலேயே குறிக்கப்படும். அந்த அயலவர்கள் இறந்தும் புலம்பெயர்ந்தும் போய்விட்டால், தாளில் உள்ள எல்லையைத் தரையிற் காட்ட யார் இருக்கின்றார்? அதனை அறிந்த முதியவர் கண்மூடினால், உறுதி கையில் இருந்தும் காணியைத் தேடி அலையவேண்டி வரும்.

பெரியம்மா சற்று நேரம் நின்று பார்த்தார். பிறகு ஒற்றைப் பனையொன்றைக் குறிவைத்து நடந்தார். நாம் தடியாற் பற்றையை விலக்கிக்கொண்டு பின்தொடர்ந்தோம். முப்பது பாகம் போயிருக்க மாட்டோம். கிணற்றுக் கட்டுத் தெரிந்தது. கட்டின் ஒரு பக்கம் இடிந்திருந்தது. உள்ளே கல்லும் குப்பையும் பாதிக்கு மேல் நிறைந்து, அடியிலே சிறிது நீர் கறுத்துக் கிடந்தது.

அவர் அழுவார் என்று எதிர்பார்த்தோம். அவரோ கிணற்றடியில் நின்றபடி, "பிள்ளை, கொப்பியை எடு," என்று பேத்தியை அழைத்தார். கிணற்றிலிருந்து எத்தனை அடி வைத்தால் அடுப்படி, எந்தப் பக்கம் மாட்டுக்கொட்டில், எதுவரை தம் காணி, எங்கே தொடங்குவது ஒழுங்கை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவள் எழுதினாள்; பேரன் அடி வைத்து அளந்தான். அவர் சொன்ன இடத்திற் பற்றையை விலக்கியபோது அடுப்படியின் சீமெந்து நிலம் வெளிப்பட்டது. பிள்ளைகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். அதுவரை அம்மம்மா சொல்லும் ஊர்க்கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள், அன்றுதான் அதன்மேற் கால் வைத்து நின்றனர்.

பங்குக் கிணறு

சத்தங் கேட்டு அயற்காணியிலிருந்து ஓர் அம்மையார் வந்தார். நலன்புரி நிலையத்தில் நெடுங்காலம் இருந்துவிட்டு, காணி கிடைத்தபின் திரும்பிச் சிறு வீடொன்று கட்டிக்கொண்டவர். பெரியம்மாவைக் கண்டதும் திகைத்து, பிறகு கைகளைப் பற்றிக்கொண்டார்.

அந்தக் கிணறு மூன்று குடும்பங்களுக்குப் பொதுவானது. கிணற்றிற் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும் உறுதிகளிலேயே எழுதப்பட்டுள்ளன. ஆறில்லாத எமது நாட்டிற் கிணறே ஆறு. ஆதலால் அதன் பங்கு காணியின் பங்குக்குக் குறைந்ததன்று.

"தண்ணிக்கு நல்லாக் கஷ்டப்படுறம், அக்கா. இதை இறைச்சுத் துப்புரவாக்கலாம். ஆனால் பங்காளியள் ஒருத்தரும் இல்லாத நேரத்திலை கை வைச்சால் நாளைக்கு ஒரு கதை வந்திடும் எண்டு பேசாமல் இருந்திட்டன்," என்றார் அந்த அம்மையார்.

ஒரு கிணறு தூர்ந்து கிடந்ததற்குக் காரணம் போர் மாத்திரமன்று. கேட்பதற்கு ஆளில்லாமையும் ஒரு காரணமே என்பது அப்பொழுது எமக்குப் புலப்பட்டது. பெரியம்மா உடனே சொன்னார்: "இறையுங்கோ. என்ரை பங்குச் செலவை நான் தாறன். நீங்கள் அள்ளிக் குடியுங்கோ. பங்கு மட்டும் பங்காய் இருக்கட்டும். இந்தப் பிள்ளையள் வந்தால் தண்ணி குடுங்கோ." மூன்றாவது பங்காளியின் மகன் கனடாவில் இருப்பது பெரியம்மாவுக்குத் தெரியும். அவருடன் பேசிச் சம்மதம் பெறுவதைத் தாமே ஏற்றுக்கொண்டார். பேசியவற்றைப் பேத்தி கொப்பியில் எழுதினாள், இருவரும் கையொப்பமிட்டனர்.

மணி பத்தாகவில்லை. விமானத்துக்கு இன்னும் நேரம் இருந்தது.

கீரிமலையில் ஒரு பாடம்

பிள்ளைகளைக் கீரிமலைக் கேணிக்குக் கூட்டிச் சென்றோம். கேணிச் சுவரின் ஒரு பக்கம் உவர்க்கடல்; மறு பக்கம் நன்னீர். இஃது எப்படி என்று பேரன் கேட்டான். எமது குடாநாடு சுண்ணக்கற் பாறைமேல் அமைந்தது. மழைநீர் பாறையின் வெடிப்புகள் வழியே கீழிறங்கி, நிலத்தின் அடியாக ஓடிக் கடலோரத்தில் ஊற்றெடுக்கின்றது. நன்னீர் கனம் குறைந்தது. ஆகவே நிலத்தடியில் அது உவர்நீரின்மேல் மிதக்கின்றது. அளவோடு அள்ளினால் என்றும் நன்னீர். இயந்திரம் வைத்து அளவின்றி இறைத்தாற் கீழுள்ள உவர் மேலேறிவிடும். "அப்போ கிணற்றில் எல்லோரும் பங்குபோட்டு அள்ளியது நல்லதுதான்," என்றான் பேரன். அவனுக்குப் பாடம் விளங்கிவிட்டது.

அங்கிருந்து நேரே பலாலி. பெட்டிகளை முதல் நாளே நிறுத்துப் பார்த்துக் கட்டி வைத்திருந்தமையால் அவசரம் எதுவும் ஏற்படவில்லை. நாம் கையசைத்து விடைகொடுத்தோம்.

வாசகர்களுக்கு

இவ்வாறு கப்பலில் வந்து விமானத்திற் போக எண்ணுவோர் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். கப்பற்சேவை கடலின் நிலையைப் பொறுத்தது, மாரிகாலத்தில் நின்றுபோவதுண்டு. ஆகையால் புறப்படுமுன் உறுதிசெய்துகொள்க. இந்தியாவுக்கு மீண்டும் நுழைய வேண்டியவர்கள், ஒரு முறைக்கு மேல் நுழைய இடந்தரும் அனுமதி தம்மிடம் உண்டா என்று பார்த்துக்கொள்க. பலாலிக்கு வரும் விமானங்கள் சிறியவை. பொதிகளின் நிறையை முன்னரே கேட்டறிக. படகேற வேண்டிய இடங்களைக் கடைசி நாளில் வைக்காதீர்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, உங்களோடு ஒரு முதியவர் வந்திருந்தால் அந்த நாளை அவரிடம் ஒப்படையுங்கள். கோட்டையும் கடற்கரையும் அடுத்த முறையும் அங்கேயே இருக்கும். எல்லைகளை அறிந்தவர் அடுத்த முறை வருவார் என்று சொல்ல முடியாது.

இரண்டு மாதங்களின்பின் அயற்காணி அம்மையார் எம்மைத் தொலைபேசியில் அழைத்தார். கனடாவிலிருந்து சம்மதம் வந்துவிட்டதாம். நான்கு பேர் மூன்று நாள் நின்று கிணற்றை இறைத்துக் கல்லும் குப்பையும் அகற்றினராம். "அக்காவுக்குச் சொல்லுங்கோ," என்றார், "தண்ணி பழையபடி நல்ல தண்ணிதான்."