வீட்டுக்கல்வித் திட்ட ஏடு

வீட்டுக்கல்வித் திட்ட ஏடு என்பது பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கும் பெற்றோர், ஒரு கல்வியாண்டின் பாடங்களைத் திட்டமிடவும், நடந்த பாடங்களைப் பதிவு செய்யவும் பயன்படுத்தும் தாள் ஏடு ஆகும். பேச்சு வழக்கில் இது பிளானர் எனப்படுகிறது. அச்சிட்ட ஏடுகள் கடைகளில் கிடைக்கின்றன. எனினும் பிள்ளைகளின் எண்ணிக்கை, வயது, படிக்கும் பாடங்கள், வாழும் பகுதியின் சட்டம் ஆகியவற்றுக்கு ஏற்பப் பக்கங்களைத் தாங்களே வரைந்து, அச்சிட்டு, கோத்துக்கொள்ளும் வழக்கமும் பல குடும்பங்களில் உள்ளது. வீட்டுக்கல்வி சட்டப்படி ஏற்கப்பட்டுள்ள ஐக்கிய அமெரிக்காவில் இவ்வழக்கம் நன்கு வேரூன்றியுள்ளது. 2016 ஆம் ஆண்டில் அந்நாட்டில் ஏறத்தாழ 17 இலட்சம் மாணவர்கள், அதாவது பள்ளி வயதினரில் 3.3 விழுக்காட்டினர், வீட்டில் கற்றதாகத் தேசியக் கல்விப் புள்ளிவிவர மையம் மதிப்பிட்டது.

இந்த ஏடு இரண்டு வேலைகளைச் செய்கிறது. இனி நடக்க வேண்டிய பாடத்தைச் சொல்வது ஒன்று. நடந்து முடிந்த பாடத்துக்குச் சான்றாக இருப்பது மற்றொன்று. திட்டம் அடிக்கடி மாறும். பதிவு மாறக்கூடாது. இந்த வேறுபாட்டை முதலிலேயே மனத்தில் கொண்டு பக்கங்களை அமைத்தால் ஏடு ஆண்டு முழுவதும் பயன்படும். இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டால், அடித்தலும் திருத்தலும் நிறைந்து, திட்டமாகவும் உதவாமல் சான்றாகவும் உதவாமல் போய்விடும்.

சட்டமும் பதிவும்

ஐக்கிய அமெரிக்காவில் வீட்டுக்கல்விக்கு நாடு முழுவதற்குமான ஒரே சட்டம் இல்லை. ஒவ்வொரு மாநிலமும் தனித்தனி விதிகளை வைத்துள்ளது. ஆகவே ஏட்டைத் தயாரிக்கும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை, வாழும் மாநிலத்தின் விதியைப் படிப்பது ஆகும். எந்தப் பக்கம் கட்டாயம், எது விருப்பம் என்பதை அந்த விதியே முடிவு செய்கிறது.

மிசூரி மாநிலத்தில் ஆண்டுக்கு 1000 மணி நேரம் கற்பிக்க வேண்டும். அதில் 600 மணி நேரம் வாசிப்பு, மொழி, கணிதம், சமூகவியல், அறிவியல் ஆகிய பாடங்களுக்கு உரியது. அந்த 600 மணியிலும் 400 மணி நேரம் வழக்கமாகக் கற்பிக்கும் வீட்டிலேயே நடக்க வேண்டும். கற்பித்த பாடங்களையும் செயல்பாடுகளையும் காட்டும் திட்ட ஏடு அல்லது நாட்குறிப்பு, மாணவரின் வேலைகளின் மாதிரிகள், மதிப்பீட்டுக் குறிப்புகள் ஆகியவற்றை அல்லது இவற்றுக்கு இணையான சான்றைப் பெற்றோர் வைத்திருக்க வேண்டும். பிள்ளையைப் படிக்க வைக்கவில்லை என்று வழக்கு வந்தால், சட்டத்தின் தேவையை நிறைவு செய்யும் தினசரிப் பதிவைக் காட்டுவது பெற்றோருக்குத் தற்காப்பாக அமையும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. சமையலறை மேசையில் எழுதப்படும் ஏடு நீதிமன்றத்தில் ஆவணமாகும் வாய்ப்பு உண்டு என்பதை இதிலிருந்து அறியலாம்.

பென்சில்வேனியாவில் 1988 ஆம் ஆண்டின் சட்டப்படி ஆண்டுக்கு 180 நாட்கள் கற்பிக்க வேண்டும். அல்லது தொடக்க நிலையில் 900 மணி நேரமும், இடைநிலையில் 990 மணி நேரமும் கற்பிக்க வேண்டும். கற்பிக்கும் காலத்திலேயே எழுதப்பட்ட பதிவும், அதில் படித்த நூல்களின் தலைப்புகளும் இருக்க வேண்டும். ஆண்டு முடிவில் தகுதி பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவர் இவற்றைப் பார்த்து, பிள்ளையுடனும் பேசிச் சான்றளிக்கிறார். ஆண்டு இறுதியில் நினைவிலிருந்து மொத்தமாக எழுதிய பட்டியல் இங்கு உதவாது.

நியூயார்க்கில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கற்பித்தல் திட்டத்தைப் பள்ளி மாவட்டத்துக்கு முன்கூட்டியே அளிக்க வேண்டும். பிறகு காலாண்டு அறிக்கைகளையும் அளிக்க வேண்டும். எனவே அங்குள்ளவர்களுக்கு ஒவ்வொரு காலாண்டின் முடிவிலும் ஒரு தொகுப்புப் பக்கம் தேவை. இதற்கு மாறாக, டெக்சாஸில் இத்தனை நாள் என்ற கணக்கோ, பதிவை அனுப்பும் கடமையோ இல்லை. அங்கு வீட்டுப் பள்ளிகள் தனியார் பள்ளிகளாகக் கருதப்படும் என்பதை 1994 ஆம் ஆண்டில் அம்மாநில உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அங்கும் உயர்நிலை வகுப்பு மாணவர்களுக்குப் பதிவு பயன்படும். கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது பாட வாரியான மதிப்பெண் பட்டியலைப் பெற்றோரே தயாரிக்க வேண்டியிருக்கும். 120 மணி நேர வகுப்பு ஓர் அலகு என்னும் கார்னகி அலகு முறையைப் பின்பற்றுவோருக்கு மணிக்கணக்கும் தேவைப்படும்.

ஆண்டைக் கணக்கிடுதல்

விதி தெரிந்த பின், ஆண்டை வாரங்களாகப் பிரிக்க வேண்டும். வாரத்துக்கு 5 நாட்கள் என்றால் 180 நாட்கள் 36 வாரங்களாகும். ஆண்டின் 52 வாரங்களில் 16 வாரங்கள் மீதி இருக்கும். இந்த 16 வாரங்களை எங்கே வைப்பது என்பது குடும்பத்தின் விருப்பம். பள்ளிகளைப் போல நீண்ட கோடை விடுமுறை எடுப்போர் உண்டு. 6 வாரம் பாடம், 1 வாரம் ஓய்வு என்று ஆண்டு முழுவதும் நடத்துவோரும் உண்டு. அவ்வாறு 6 சுற்றுகள் நடத்தினால் 36 வாரப் பாடமும் 6 வார ஓய்வுமாக 42 வாரங்கள் ஆகும். மேலும் 10 வாரங்கள் கையில் இருக்கும்.

மணிக்கணக்கு கேட்கும் இடங்களில் வகுத்தல் வேறு. 1000 மணி நேரத்தை 36 வாரங்களில் முடிக்க வாரத்துக்கு ஏறத்தாழ 28 மணி நேரம் வேண்டும். அதையே 40 வாரங்களுக்கு நீட்டினால் 25 மணி நேரம் போதும். இக்கணக்கை ஏட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தால், ஆண்டின் நடுவில் எவ்வளவு பின்தங்கியுள்ளோம் என்பதை உடனே அறியலாம்.

தேதி இல்லாத திட்டம்

புதிதாகத் தொடங்குவோர் பெரும்பாலும் ஆண்டின் எல்லாப் பாடங்களுக்கும் முன்கூட்டியே தேதி எழுதிவிடுகின்றனர். ஒரு கணிதப் புத்தகத்தில் 140 பாடங்கள் இருப்பதாகக் கொள்வோம். வாரத்துக்கு 4 பாடங்கள் வீதம் 35 வாரங்களில் அது முடியும். ஒரு வாரம் திருப்புதலுக்குக் கிடைக்கும். எல்லாவற்றுக்கும் தேதி போட்ட பின், ஐந்தாவது வாரத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரப் படிப்பு நின்றால், மீதமுள்ள 120க்கும் மேற்பட்ட பாடங்களின் தேதிகள் தவறாகிவிடும். அவற்றைத் திருத்த மனமின்றிப் பலர் ஏட்டையே மூடிவிடுகின்றனர். அல்லது தேதியைப் பிடிக்க வேண்டும் என்று நோயிலிருந்து எழுந்த பிள்ளையிடம் இரண்டு நாள் பாடத்தை ஒரே நாளில் திணிக்கின்றனர்.

இதைத் தவிர்க்க, ஆண்டுத் திட்டத்தில் பாட எண்களை மட்டும் வரிசையாக எழுதி, தேதிக்கான கட்டத்தைக் காலியாக விடலாம். பாடம் முடிந்த அன்று அந்தக் கட்டத்தில் தேதி எழுதப்படும். ஒரு வாரம் நின்றாலும் வரிசை மாறாது. விட்ட எண்ணிலிருந்து தொடர்ந்தால் போதும். முன்கூட்டியே தேதி எழுத வேண்டியவை தேர்வு நாள், அறிக்கை அளிக்கும் கடைசி நாள், பயணம் போன்ற, குடும்பம் மாற்ற முடியாத சில நாட்கள் மட்டுமே.

தேவையான பக்கங்கள்

எல்லா வகைப் பக்கங்களையும் சேர்த்தால் ஏடு தடிமனாகுமே தவிரப் பயன் கூடாது. பொதுவாகப் பின்வரும் பக்கங்கள் போதுமானவை.

ஆண்டுப் பக்கம்: 12 மாதங்களும் ஒரே பார்வையில் தெரியும் நாட்காட்டி. பாடம் நடந்த நாட்களில் குறியிட்டால் இதுவே வருகைப் பதிவாகவும் அமையும்.

பாட வரிசைப் பக்கம்: ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு தாள். பாட எண், தலைப்பு, முடிந்த தேதி ஆகிய மூன்று கட்டங்கள் இதில் இருக்கும்.

வாரப் பக்கம்: எதிரெதிரான இரு பக்கங்களில் ஒரு வாரம். இடப்புறம் நாட்கள், மேற்புறம் பாடங்கள். 36 வாரங்களுக்கு 72 பக்கங்கள், அதாவது இருபுறமும் அச்சிட்ட தாள்களாகக் கோத்தால் ஏறத்தாழ 36 தாள்கள் ஆகும். அந்த வாரத்துக்கான திட்டத்தைப் பென்சிலிலும், நடந்ததைப் பேனாவிலும் எழுதினால் இரண்டும் குழம்பாது.

நூல் பட்டியல்: படித்த நூலின் தலைப்பு, ஆசிரியர், முடித்த தேதி.

செயல்பாட்டுப் பக்கம்: அருங்காட்சியகம் செல்லுதல், நீச்சல், இசை, தோட்ட வேலை, சமையல் போன்ற புத்தகம் சாராத கற்றல். மணிக்கணக்கு தேவைப்படும் இடங்களில் இப்பக்கத்தை விட்டுவிட்டால், உண்மையில் நடந்த கல்வியின் ஒரு பகுதி கணக்கில் வராமல் போகும்.

பல பிள்ளைகள் உள்ள வீட்டில் வரலாறு, அறிவியல் போன்றவற்றை ஒன்றாகக் கற்பிப்பது வழக்கம். அவற்றுக்குப் பொதுப் பக்கமும், கணிதம், மொழி ஆகியவற்றுக்கு ஒவ்வொருவருக்கும் தனிப் பக்கமும் வைக்கலாம். ஓவியம், புவியியல் போல வாரம் முழுவதும் நடக்காத பாடங்களுக்கு நாள் குறிக்காமல் ஒரு பட்டியல் வைத்து, நேரம் கிடைக்கும்போது அடுத்ததை எடுக்கும் சுழற்சி முறையும் உண்டு. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையிடம் வாரப் பக்கத்தின் ஒரு படியைக் கொடுத்து, முடித்தவற்றைத் தானே குறிக்கச் சொல்லலாம். இது பெற்றோரின் சுமையைக் குறைப்பதுடன், நேரத்தைத் திட்டமிடும் பழக்கத்தையும் பிள்ளைக்குத் தரும்.

கோக்கும் முறைகள்

ஏட்டைத் தாள் மாற்றக்கூடியதாக வைப்பதா, நிரந்தரமாகக் கட்டுவதா என்பது முக்கியமான தேர்வு ஆகும்.

வளையக் கோப்பில் தாளைத் திறந்து சேர்க்கலாம், எடுக்கலாம். ஜெர்மனியின் பான் நகரைச் சேர்ந்த ஃபிரெடிரிக் சோன்னெக்கன் 1886 ஆம் ஆண்டில் தாள் துளையிடும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். ஏ4 தாளுக்கான இரு துளைகளின் இடைவெளி 80 மில்லிமீட்டர் என்பது பன்னாட்டுத் தரம். அமெரிக்காவில் லெட்டர் அளவுத் தாளில் மூன்று துளைகள் 108 மில்லிமீட்டர் இடைவெளியில் இடப்படுகின்றன. எனவே அமெரிக்க அளவில் வடிவமைத்த பக்கங்களை ஏ4 தாளில் அச்சிடுவோர், துளைக்கான ஓர இடத்தை முதலில் ஒரு தாளில் சரிபார்ப்பது நல்லது.

வட்டு இணைப்பு முறையில், ஓரத்தில் காளான் வடிவ வெட்டுகள் உள்ள தாள்கள் சிறு வட்டுகளில் மாட்டப்படுகின்றன. 1948 ஆம் ஆண்டில் பெல்ஜியத்தில் தொடங்கிய அட்டோமா குறிப்பேடுகள் இம்முறையைச் சார்ந்தவை. தாளை இழுத்து எடுத்து வேறிடத்தில் அழுத்திச் செருகலாம். ஏட்டை முழுவதுமாக மடக்கியும் எழுதலாம். ஆனால் இதற்கெனத் தனித் துளைக் கருவி வேண்டும்.

ஸ்பைரல் பைண்டிங் ஜெராக்ஸ் கடைகளிலேயே செய்யப்படுகிறது, செலவும் குறைவு. ஆனால் கட்டிய பின் பக்கங்களை மாற்ற முடியாது. ஆண்டு நடக்கும்போது வளையக் கோப்பில் வைத்து, ஆண்டு முடிந்ததும் பதிவுப் பக்கங்களை மட்டும் ஸ்பைரல் செய்து வைப்பது இரண்டின் பயனையும் தரும். தாள்களை எடுக்கக்கூடிய கோப்பு என்பதால், பதிவுப் பக்கங்களுக்கு வரிசை எண்ணும் தேதியும் இடுவது அவற்றின் நம்பகத்தன்மையைக் காக்கும். தொடக்கத்தில் 6 வாரங்களுக்கான பக்கங்களை மட்டும் அச்சிட்டுப் பயன்படுத்திப் பார்த்து, காலியாகவே இருக்கும் கட்டங்களை நீக்கிவிட்டு மீதியை அச்சிட்டால் தாள் வீணாகாது.

முன்திட்டம் இல்லாத கல்வி

பிள்ளையின் ஆர்வம் செல்லும் வழியிலேயே கற்றல் நடக்கட்டும் என்போரும் வீட்டுக்கல்வியாளர்களில் உள்ளனர். 1977 ஆம் ஆண்டில் வீட்டுக்கல்விக்கான இதழ் ஒன்றைத் தொடங்கிய அமெரிக்கக் கல்வியாளர் ஜான் ஹோல்ட் இக்கருத்தைப் பரப்பியவர்களில் முதன்மையானவர். இத்தகைய குடும்பங்களில் ஏடு பின்னோக்கி எழுதப்படுகிறது. ஒரு நாள் முழுவதும் பறவைக் கூடு பார்த்து, அதை வரைந்து, முட்டைகளை எண்ணி, அது பற்றிய நூலைத் தேடிப் படித்த பிள்ளையின் வேலை அன்று மாலையில் அறிவியல், ஓவியம், கணிதம், வாசிப்பு எனப் பிரித்துப் பதிவு செய்யப்படும். திட்டப் பகுதி தேவையில்லாதவர்களுக்கும் பதிவுப் பகுதி தேவைப்படுகிறது.

இந்தியாவில்

இந்தியாவில் 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான கல்வியைப் பள்ளியை மையமாகக் கொண்டு வகுத்துள்ளது. வீட்டுக்கல்விக்கெனத் தனிப் பதிவு விதிகள் அதில் இல்லை. வீட்டில் கற்கும் மாணவர்கள் பலர் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாகத் தேர்வு எழுதுகின்றனர். அதன் இடைநிலைத் தேர்வுக்குக் குறைந்தது 14 வயதும், மேல்நிலைத் தேர்வுக்கு 15 வயதும் ஆகியிருக்க வேண்டும். பொதுத் தேர்வுகள் ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் காலங்களில் நடக்கின்றன.

இங்கு நாட்கணக்கை விடத் தேர்வு நாளே ஏட்டின் அடிப்படை ஆகிறது. தேர்விலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். ஒரு பாடத்தில் 24 அலகுகள் இருந்தால், வாரத்துக்கு ஓர் அலகு வீதம் 24 வாரங்கள். திருப்புதலுக்கு 6 வாரங்கள். ஆகத் தேர்வுக்கு 30 வாரங்களுக்கு முன் தொடங்க வேண்டும். ஒப்படைவுகளை அளிக்கும் கடைசி நாளும், தேர்வுக் கட்டணம் செலுத்தும் கடைசி நாளும் ஆண்டுப் பக்கத்தில் தனி நிறத்தில் குறிக்கப்பட வேண்டும். இவற்றைத் தவறவிட்டால், பாடம் முழுவதும் படித்திருந்தாலும் அடுத்த தேர்வுக் காலம் வரை காத்திருக்க நேரிடலாம்.

பாதுகாத்தல்

ஆண்டு முடிந்ததும் பதிவுப் பக்கங்கள், நூல் பட்டியல், ஒவ்வொரு பாடத்திலும் ஆண்டின் தொடக்கம், நடு, முடிவு ஆகிய காலங்களில் செய்த வேலையின் மாதிரிகள் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்து, பிள்ளையின் பெயரும் கல்வியாண்டும் எழுதி வைக்கலாம். பள்ளியில் சேர விரும்பும்போதும், குடும்பம் வேறு மாநிலத்துக்கு இடம்பெயரும்போதும், கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போதும் இக்கோப்பு கேட்கப்படலாம். பென்சிலில் எழுதிய திட்டத் தாள்களை வைத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் திட்டமிட்டதற்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளியை அவை காட்டுவதால், அடுத்த ஆண்டின் ஏட்டைத் தயாரித்து முடிக்கும் வரை அவற்றை வைத்திருப்பது பயன் தரும்.