பெயர் நீங்கிய கம்பெனியும் உறுப்பினரின் அதிகாரமும்

கம்பெனி என்பது சட்டத்தின் பார்வையில் தனியொரு நபர். பங்குகள் யாவும் ஒரே குடும்பத்தாரிடம் இருப்பினும், கம்பெனியின் சொத்து அக்குடும்பத்தின் சொத்தாகிவிடாது. தேயிலைக் கம்பெனிப் பங்குதாரர் ஒருவரின் வருமான வரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1954ஆம் ஆண்டிலேயே இதனைத் தெளிவுபடுத்தியது. இலாபத்திலும், கலைப்பின்போது எஞ்சும் பொருளிலும் பங்கு பெறும் உரிமையே பங்குதாரருக்கு உண்டு.

இதனை மறப்பதால், கம்பெனி கலைந்தபின் உறுப்பினரே அதன் சார்பில் கையொப்பமிடலாம் என்ற எண்ணம் எழுகிறது. கூட்டு வாணிபத்தில் இதற்கு ஓரளவு நியாயம் உண்டு. 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம், 47ஆம் பிரிவின்படி, நிறுவனம் கலைந்த பின்னும் அதன் விவகாரங்களை முடிக்கவும், தொடங்கி முற்றுப்பெறாத அலுவல்களை நிறைவேற்றவும் தேவையான அளவிற்குக் கூட்டாளிகளின் அதிகாரம் நீடிக்கிறது. கூட்டாளி தொடக்கம் முதலே நிறுவனத்தின் முகவர். கம்பெனியின் உறுப்பினரோ, கம்பெனி நடந்த காலத்திலும் உறுப்பினர் என்ற முறையில் அதன் முகவர் அல்லர். முன்பு இல்லாத அதிகாரம் கலைப்பினால் பிறப்பதில்லை.

2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், 248ஆம் பிரிவின்படி, இயங்காத கம்பெனிகளின் பெயரைப் பதிவாளர் நீக்கலாம். 2017ஆம் ஆண்டில் இவ்வாறு இரண்டு லட்சத்திற்கும் மேற்பட்ட கம்பெனிகள் நீக்கப்பட்டன. அவற்றின் இயக்குநர்களும் கையொப்பமிடும் அதிகாரம் பெற்றோரும் முன்னாள் நிலையினரே என அரசு அறிவித்து, வங்கிக் கணக்குகளைக் கட்டுப்படுத்துமாறு வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. இயக்குநர்களின் நிலையே இதுவெனில், உறுப்பினர்களைப் பற்றிக் கூறவேண்டியதில்லை.

ஆயினும் பெயர் நீக்கம் எல்லாவற்றையும் அழித்துவிடுவதில்லை. வரவேண்டிய தொகையைப் பெறுவதற்கும் கடன்களைத் தீர்ப்பதற்கும் மட்டும் பதிவுச் சான்றிதழ் உயிர்பெற்றிருப்பதாக 250ஆம் பிரிவு விலக்களிக்கிறது. அப்பணியை எவர் செய்வது என்பதை அப்பிரிவு சொல்லவில்லை. இதனை ஒரு குறையென்றே கருதவேண்டும். பெயரை நீக்குமுன், தேவையானால், நிர்வாகப் பொறுப்பில் இருப்போரிடம் பதிவாளர் உறுதிமொழி பெறுகிறார். உறுப்பினர் எவருக்கும் அதிகாரம் வழங்கப்படுவதில்லை. பொறுப்பு மட்டும் நீங்குவதில்லை: இயக்குநர், மேலாளர், உறுப்பினர் ஆகியோரின் கடப்பாடு, கம்பெனி கலையாதது போலவே தொடரும்.

கம்பெனியின் பெயரில் ஒரு மனை எஞ்சியிருப்பதாகக் கொள்வோம். உறுப்பினர்கள் அனைவரும் ஒன்றுகூடி விற்பனைப் பத்திரம் எழுதினாலும், தமக்கு உரிமையில்லாத மனையை வாங்குவோருக்கு அவர்கள் அளிக்க இயலாது. அவர்களுக்குத் திறந்திருக்கும் வழி 252ஆம் பிரிவு. அரசிதழில் அறிவிப்பு வெளியான நாளிலிருந்து இருபது ஆண்டுகளுக்குள், பெயரை மீட்குமாறு தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் உறுப்பினர் விண்ணப்பிக்கலாம். கடன் கொடுத்தவருக்கும், கூலி நிலுவையுள்ள தொழிலாளிக்கும் இதே உரிமை உண்டு. பெயர் மீண்டால் அதிகாரம் இயக்குநர் குழுவிடமே செல்லும். எனவே இத்தகைய பத்திரமோ காசோலையோ தம்முன் வரும்போது, அலுவலர் கேட்கவேண்டியது உறுப்பினர்களின் ஒப்புதல் கடிதத்தை அன்று. தீர்ப்பாயத்தின் ஆணையையும், அதன்பேரில் பதிவாளர் வழங்கும் புதிய பதிவுச் சான்றிதழையுமே.