அக்கரையில் வாழ்வோரும் நம் அயலாரே

நீர் மனிதரைப் பிரிக்கவும் செய்யும், சேர்க்கவும் செய்யும். ஒரு காயலின் இரு கரைகளிலும் வாழும் இரண்டு ஊரார், ஒருவர் வீட்டு விளக்கை மற்றவர் காணும் அளவுக்கு அருகில் இருக்கலாம். ஆயினும் கடந்து செல்ல ஒரு படகு இல்லையெனில், அவர்கள் இரு வேறு நாட்டவர் போல் வாழ நேரிடும். நம் ஆண்டவர் கலிலேயக் கடற்கரை ஊர்களில் பணியாற்றிய நாள்களில் படகேறி அக்கரை செல்வது அவருக்கு அன்றாட நிகழ்ச்சியாகவே இருந்தது. கப்பர்நாகூமும் பெத்சாயிதாவும் படகுகளால் இணைக்கப்பெற்ற அயலூர்கள். அக்கரையில் உள்ளவனும் அயலானே என்னும் உண்மையை அவருடைய பயணங்களே நமக்கு உணர்த்துகின்றன.

கரையூர்களைப் படகால் இணைப்பது எப்படி? அதற்குத் திட்டமிடுவோர் எதை முதலில் எண்ண வேண்டும்? நமக்கு அண்மையிலுள்ள கொச்சி நகரின் அனுபவத்தைக் கொண்டு இக்கேள்விகளைச் சற்று ஆராய்வோம்.

தீவுகள் சூழ்ந்த நகரம்

1341ஆம் ஆண்டு பெரியாற்றில் ஏற்பட்ட பெருவெள்ளத்தால் கொச்சித் துறைமுகம் உருவாயிற்று என்பது வழிவழிச் செய்தி. எர்ணாகுளத்துக்கு எதிரே வைப்பின், வல்லார்பாடம், போல்காட்டி, முளவுகாடு, கடமக்குடி எனத் தீவுகள் பரந்து கிடக்கின்றன. மீன்பிடித்தும், பொக்காளி நெல் விளைத்தும், நகரத்தில் கூலிவேலை செய்தும் வாழும் எளிய மக்கள் இங்கு மிகுதி. கத்தோலிக்கக் குடும்பங்களும் பல.

இம்மக்களுக்குப் படகு என்பது உயிரோடு கலந்த ஒன்று. வல்லார்பாடத்துக்குத் திருப்பயணம் சென்ற வாசகர்கள் அன்னையின் படத்தில் ஒரு தாயும் சேயும் வரையப்பெற்றிருப்பதைக் கண்டிருப்பர். 1752ஆம் ஆண்டு மீனாட்சி அம்மாள் என்னும் இந்துப் பெண்மணியும் அவர்தம் குழந்தையும் சென்ற படகு புயலில் கவிழ்ந்தது என்றும், மூன்றாம் நாள் அவ்விருவரும் உயிரோடு மீட்கப்பெற்றனர் என்றும் அங்கே பக்தியோடு சொல்லப்படுகிறது. அந்நாளைய காயல் மக்களின் அச்சமும் நம்பிக்கையும் இவ்வரலாற்றில் அடங்கியுள்ளன.

2004ஆம் ஆண்டு கோஸ்ரீப் பாலங்கள் திறக்கப்பட்டபின் வைப்பின் மக்கள் சாலைவழியே நகரம் சேர வழி பிறந்தது. ஆனால் பாலம் எல்லாத் தீவுகளுக்கும் கிட்டிவிடவில்லை. கிட்டிய இடங்களிலோ வாகன நெரிசல் பெருகிற்று. ஆகவே, காலங்காலமாக இருந்துவந்த நீர்வழியை மீண்டும் செம்மைப்படுத்தும் எண்ணம் எழுந்தது.

நீர் மெட்ரோ

அந்த எண்ணமே கொச்சி நீர் மெட்ரோ. ஏறத்தாழ 1,137 கோடி ரூபாய்ச் செலவில், ஜெர்மன் நாட்டு வளர்ச்சி வங்கியின் கடனுதவியுடன் இது வகுக்கப்பட்டது. பத்துத் தீவுகளை நகரத்தோடு இணைக்க 38 படகுத்துறைகள், 78 படகுகள், 15 வழித்தடங்கள், 76 கிலோமீட்டர் நீர்வழி என்பது திட்டம். 2016இல் தொடங்கிய பணியின் பயனாக, 2023 ஏப்ரல் மாதம் எட்டுப் படகுகளோடு சேவை தொடங்கிற்று. உயர்நீதிமன்றத் துறையிலிருந்து வைப்பினுக்கும், வைட்டிலாவிலிருந்து காக்கநாட்டுக்கும் முதற்படகுகள் சென்றன.

படகுகளைக் கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தாரே கட்டித் தந்தனர். பெரிய படகு ஒன்றில் ஐம்பது பேர் அமரவும் ஐம்பது பேர் நிற்கவும் இடமுண்டு. மின்கலத்தின் ஆற்றலால் ஓடுவதால் டீசல் புகையும் இரைச்சலும் இல்லை. துறையில் நிற்கும் பத்துப் பதினைந்து நிமிடங்களில் மின்கலம் மீண்டும் நிரம்பிவிடும். ஒன்றோடொன்று பிணைத்த இரண்டு உடல்கள் கொண்ட இவ்வகைப் படகை மேனாட்டார் அழைக்கும் பெயர், நம் மீனவரின் கட்டுமரம் என்னும் சொல்லிலிருந்து பிறந்ததே. இவை எழுப்பும் அலை குறைவாதலால் கரைக்கும் சிறு தோணிகளுக்கும் தீங்கு குறைவு.

எல்லாவற்றிலும் போற்றத்தக்கது துறையின் அமைப்பு. நீர்மட்டத்தோடு ஏறியிறங்கும் மிதவை மேடைகள் அங்கே உள்ளன. எனவே வெள்ளம் ஏறினும் வற்றினும் மேடையும் படகின் தளமும் ஒரே மட்டத்தில் நிற்கும். முதியவர் கால் தடுமாறாமல் ஏறலாம். சக்கர நாற்காலியில் உள்ளவரும் பிறர் தூக்காமல் உட்செல்லலாம். வலியோர்க்கு எளிதாவதை மட்டும் எண்ணாமல் மெலியோர்க்கும் எளிதாக்குவதே திட்டத்தின் அறம்.

கடைசி வீட்டிலிருந்து தொடங்குக

இத்தகைய பணியில் படகு வாங்குவது எளிய பகுதி. வேண்டுவோர்க்கு அது வேண்டிய வேளையில் கிடைக்கச் செய்வதே அரிய பகுதி. ஆகவே திட்டம் நகரத்துத் துறையிலிருந்து தொடங்கலாகாது. தீவின் கடைசி வீட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

அவ்வீட்டிலிருந்து துறைக்கு எவ்வளவு தூரம்? மழைக்காலத்தில் அவ்வழி நடக்கத்தக்கதா? விடியற்காலை வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கு முதற்படகு உண்டா? இரவில் கடை அடைத்துத் திரும்புவோர்க்குக் கடைசிப்படகு காத்திருக்குமா? மீன்கூடை சுமந்து விற்கும் தாய்க்குப் படகில் இடம் தரப்படுமா? நள்ளிரவில் பேறுகால வலி கண்டால் அழைத்தவுடன் வரும் படகு எது? அக்கரையில் இறங்கியவுடன் பேருந்து கிடைக்குமா? இக்கேள்விகளுக்கு விடை காணாத திட்டம், அலுவலகத்து வரைபடத்தில் அழகாக இருக்கும், மக்களுக்குப் பயன்படாது.

வாடகைப் படகுக்கும் வழக்கமான படகுச் சேவைக்கும் உள்ள வேற்றுமையையும் மறத்தலாகாது. கேரள அரசின் நீர்ப்போக்குவரத்துத் துறை 2020இல் ஆலப்புழையில் பத்துப் பேர் செல்லும் நீர் டாக்சியைத் தொடங்கியது. மணிக்கு 1,500 ரூபாய் என வாடகை அறிவிக்கப்பட்டது. உல்லாசப் பயணிக்கு அது தகும். நாள்தோறும் கடந்தாக வேண்டிய கூலித் தொழிலாளிக்குத் தகாது. நீர் மெட்ரோவில் குறைந்த கட்டணம் 20 ரூபாய் என வைத்தனர். மாதச் சீட்டுக்கு 600 ரூபாய், அதில் ஐம்பது பயணங்கள். அரசின் பழைய படகுகளில் கட்டணம் இதைவிட மிகக் குறைவு. ஆகவே புதியது வந்ததும் பழையதை நிறுத்திவிடாமல் இரண்டையும் பேணுவதே ஏழைக்குச் செய்யும் நீதி. விடுமுறை நாள்களில் காட்சி காண வரும் கூட்டத்தால் தீவுவாசி துறையிலேயே நின்றுவிடும் நிலையும் வரலாகாது.

உயிருக்கு ஈடு இல்லை

சிக்கனம் எதில் செய்யினும் பாதுகாப்பில் செய்யலாகாது. 2002 ஜூலை 27 அன்று முகம்மாவிலிருந்து குமரகம் சென்ற படகு வேம்பநாட்டுக் காயலில் மூழ்கி 29 பேர் மாண்டனர். அவருள் பலர் அரசுப் பணித் தேர்வு எழுதச் சென்ற இளைஞர். 2007 பிப்ரவரியில் தட்டேக்காட்டில் சுற்றுலாச் சென்ற பள்ளிக் குழந்தைகளும் ஆசிரியர்களுமாகப் பதினெண்மர் பலியாயினர். 2015 ஆகஸ்டில் கொச்சிக் கோட்டைத் துறை அருகே பயணப் படகின்மீது மீன்பிடிப் படகு மோதிப் பல உயிர்கள் போயின. நீர் மெட்ரோ தொடங்கிய மறுமாதமே தானூரில் உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். அதில் ஏறியவர்கள் அளவுக்கு மிஞ்சியவர்கள்.

இவற்றை எண்ணியே, நீர் மெட்ரோத் துறைகளில் பயணிகளை எண்ணிவிடும் தடுப்புகள் வைக்கப்பட்டுள்ளன. இடம் நிரம்பியபின் மேலும் ஒருவர் நுழைய இயலாது. உயிர்காப்பு உடைகள் உள்ளன. எனினும் கருவி மட்டும் போதாது. நிரம்பிய படகைக் கண்டால் அடுத்த படகுக்குக் காத்திருக்கும் பொறுமையைப் பெற்றோர் தம் பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டும். அப்பொறுமை பயன்தர வேண்டுமாயின் அடுத்த படகு சொன்ன நேரத்தில் வந்தாகவும் வேண்டும். நேரம் தவறும் சேவையே நெரிசலுக்கும் விபத்துக்கும் வித்திடுகிறது.

நீரும் நிலமும் யாருடையவை?

காயல் வெறும் சாலையன்று. மீனவரின் வயலும் அதுவே. படகு செல்லும் தடத்தில் வலைகள் இருக்கும். சீன வலைகள் கரையோரம் நிற்கும். பருவந்தோறும் ஆகாயத்தாமரை நீரை மூடும். ஆழம் குறைந்த இடங்களைத் தோண்ட வேண்டிவரும். தடம் குறிக்குமுன் மீனவரை அழைத்துக் கேட்பது இரக்கத்தால் அன்று, உரிமையால் வேண்டுவதாகும்.

நிலத்துக்கும் இது பொருந்தும். வல்லார்பாடம் சரக்குப் பெட்டக முனையத்துக்குச் செல்லும் பாதைகளுக்காக 316 குடும்பங்கள் வீடும் நிலமும் இழந்தன. 2008 பிப்ரவரியில் மூலம்பள்ளியில் வீடுகள் இடிக்கப்பட்ட காட்சி பலருடைய நெஞ்சை உலுக்கியது. அவர்களுள் பலர் மறுவாழ்வுக்காக ஆண்டுகள் பல காத்திருந்தனர். ஊருக்கு நன்மை என்னும் பெயரால் சிலர் கண்ணீர் வடிக்கும் முன்னேற்றம் முழுமையான முன்னேற்றம் ஆகாது.

2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் விடுத்த, படைப்பைப் பேணுவது பற்றிய சுற்றுமடல் நகரப் போக்குவரத்தையும் தொட்டுப் பேசுகிறது. ஓரிருவரே செல்லும் கார்களால் நெரிசலும் மாசும் பெருகுவதைச் சுட்டி, பொதுப் போக்குவரத்துக்கு முதலிடம் தர வேண்டுமென அது வற்புறுத்துகிறது. மக்கள் நெருக்கப்பட்டும் காக்கவைக்கப்பட்டும் பயணம் செய்வது மனித மாண்புக்கு ஏற்றதன்று எனவும் கூறுகிறது. படகுத்துறைத் திட்டம் ஆன்மிகத்துக்குப் புறம்பான பொருள் அன்று என்பது இதனால் விளங்கும்.

ஆகவே நம் கரையூர்களில் இத்தகைய திட்டம் பேசப்படும்போது பங்கு மக்கள் வாளாவிருத்தல் கூடாது. அன்பியக் கூட்டங்களிலும் பெண்கள் சங்கங்களிலும் கூடி, யார் எந்த வேளையில் எதற்காகக் கடக்கின்றனர் என்பதைக் கணக்கெடுத்து அதிகாரிகளிடம் தரலாம். மீனவர், மாணவர், நோயாளிகள், ஊனமுற்றோர் ஆகியோரின் தேவைகளை அவர்களுடைய வாய்மொழியாகவே கேட்டு எழுதலாம். பிற சமயத்தாரையும் உடன் அழைத்துச் செல்லலாம். ஒரே படகில் செல்வோர்க்குள் வேற்றுமை ஏது? வல்லார்பாடத்துப் படத்தில் இடம்பெற்ற தாயும் ஓர் இந்துப் பெண்மணியே அன்றோ?

அக்கரையில் விளக்கு ஏற்றி ஒருவர் காத்திருக்கிறார். அவரும் நம் அயலாரே. அவரிடம் செல்லவும் அவர் நம்மிடம் வரவும், ஏழையும் ஏறத்தக்க, அச்சமின்றிக் கடக்கத்தக்க, சொன்ன வேளையில் வந்து சேரும் ஒரு படகை உருவாக்குவது நற்செய்திப் பணியின் ஒரு பகுதியே.