கடனைக் கட்டியும் பெயர் கெட்டிருக்கிறதா?

“பேங்கில் என் பேரைக் கருப்புப் பட்டியலில் போட்டுவிட்டார்கள். இனிக் கட்டி என்ன பயன்?” என்று சலித்துக்கொள்பவர்கள் நம் தோட்டப்புறங்களில் உண்டு. அன்பு வாசகர்களே, இதை நம்பித் தவணையை நிறுத்திவிடாதீர்கள். பேங்க் நெகாராவிடம் கருப்புப் பட்டியல் என்று ஒன்று கிடையாது. இருப்பது சி.சி.ஆர்.ஐ.எஸ். என்னும் கடன் பதிவேடு. 2001-ஆம் ஆண்டு தொடங்கிய ஏற்பாடு இது.

இதை நமக்குப் பழக்கமான செக்ரோலுக்கு ஒப்பிடலாம். வேலைக்கு வந்த நாளையும் வராத நாளையும் கிராணி அதில் குறிக்கிறார். அது தண்டனை அல்ல, நடந்ததன் கணக்கு. அதுபோல, உங்கள் தவணைக் கணக்கை வங்கிகள் இந்தப் பதிவேட்டுக்கு அனுப்புகின்றன. அறிக்கையில் கடந்த 12 மாதங்களுக்கும் மாதத்துக்கு ஓர் எண் இருக்கும். 0 என்றால் பாக்கி இல்லை. 1 என்றால் ஒரு தவணை பாக்கி. 3 என்றால் மூன்று தவணை பாக்கி. இதைப் பார்த்துப் புதுக் கடன் தருவதா, இல்லையா என்று முடிவு செய்வது அந்தந்த வங்கிதான்.

“நான் இப்போது மாதம் தவறாமல் கட்டுகிறேனே, 3 ஏன் குறையவில்லை?” என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதத் தவணை 400 வெள்ளி. பாக்கி 1,200 வெள்ளி. இந்த மாதம் 400 கட்டினால் அது இந்த மாதத்துக்கே சரியாகிவிடும். பழைய பாக்கி அப்படியே நிற்கும், எண்ணும் நிற்கும். மாதம் 500 கட்டினால் நான்கு மாதத்தில் ஒரு தவணைப் பாக்கி தீரும். ஓராண்டில் மூன்றும் தீரும். தாமதக் கட்டணம் இருந்தால் அது தனி.

பாக்கி தீர்ந்ததும் பழைய எண்கள் உடனே மறையமாட்டா. புது மாதம் ஒன்று ஏற ஏற, பழைய மாதம் ஒன்று கழிந்துபோகும். 0 வந்தபின் மேலும் 12 மாதம் தவறாமல் கட்டினால் வரிசை முழுவதும் 0 ஆகிவிடும். வழக்குவரை போன கடனுக்கு வேறு குறிப்புகளும் இருக்கலாம்.

இதற்கு ஏன் இவ்வளவு பாடு? தோட்ட வீடு வேலை இருக்கும்வரைதான். நாளை சொந்த வீட்டுக்குக் கடன் கேட்கும்போது வங்கி முதலில் புரட்டுவது இந்த அறிக்கையைத்தான்.

கூடுதலாகக் கட்ட வழியில்லாதவர்கள் வங்கிக்குச் சென்று தவணையைத் திருத்தி அமைக்கக் கேளுங்கள். பல வங்கிகளில் கடன் இருந்தால், பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த ஏ.கே.பி.கே. இலவசமாக ஆலோசனை கூறும். தவணைத் திட்டமும் வகுத்துத் தரும். அத்திட்டத்தில் இருக்கும்வரை அறிக்கையில் அதற்கொரு குறிப்பு இருக்கும்; புதுக் கடன் கிடைப்பது அரிது. ஆனால் வட்டிமுதலைகளிடம் சிக்குவதைவிட அது எவ்வளவோ மேல்.

“பணம் கொடுங்கள், பெயரைத் துடைத்துத் தருகிறோம்” என்பவர்களிடம் ஏமாறாதீர்கள். உண்மையான பதிவை யாராலும் துடைக்க முடியாது. பதிவு தவறாக இருந்தால், அதை அனுப்பிய வங்கியிடமே ரசீதைக் காட்டித் திருத்தச் சொல்லுங்கள். அறிக்கையை இணையம் வழியாகவே இலவசமாகப் பெறலாம். படித்த பிள்ளைகளை உதவிக்கு அழையுங்கள். கட்டிய ரசீதுகளை ஒரு டின்னில் போட்டுப் பத்திரமாக வையுங்கள்.