வெயில் மீது விழும் பழியும் கடைசி அலசலும்

கழுவித் துடைத்த கார் காய்ந்த பிறகு அதன் கூரையிலும் பானட்டிலும் கண்ணாடியிலும் வெண்ணிற வளையங்கள் திட்டுத் திட்டாகத் தெரிவது, தமிழ்நாடும் கர்நாடகமும் ஆந்திரமும் அருகருகே வந்து நிற்கும் வேப்பனப்பள்ளி வட்டாரத்தில் மிகச் சாதாரணமான காட்சியாகும். இதற்கான பழி பெரும்பாலும் வெயிலின் மீதே போடப்படுகிறது. வெயிலில் கார் கழுவக் கூடாது என்னும் அறிவுரை தவறானதன்று. ஆயினும் அது பாதி உண்மை மட்டுமே, ஏனெனில் கறையாக நிற்கும் பொருள் வானத்திலிருந்து இறங்குவதில்லை, வாளியிலிருந்தும் குழாயிலிருந்தும்தான் வருகிறது. நிறுத்த நிழல் கிடைக்காத வாடகைக் கார் ஓட்டுநருக்கும், இரவுப் பணி முடிந்து ஓசூரிலிருந்து முற்பகலில் வீடு திரும்பும் ஆலைத் தொழிலாளிக்கும் கார் கழுவக் கிடைக்கும் பொழுது வெயில் ஏறிய பொழுதாகவே இருக்கக் கூடும் என்பதால், அந்தப் பாதி உண்மையை மட்டும் சொல்லி அவர்களை அனுப்பிவிடுவது நியாயமாகாது.

வேப்பனப்பள்ளி அமைந்துள்ள, 2004இல் தருமபுரியிலிருந்து பிரித்து உருவாக்கப்பட்ட கிருஷ்ணகிரி மாவட்டத்தின் நிலத்தடி பெரும்பாலும் கிரானைட்டாலும், நைஸ் எனப்படும் உருமாறிய பாறையாலும் ஆனது. ஆற்று மணற்படுகைகளில் தேங்குவதுபோல் நீர் இங்கே தாராளமாகத் தேங்குவதில்லை. பாறையின் வெடிப்புகளிலும் அதன் சிதைந்த மேலடுக்கிலும் மட்டுமே தங்கி, நெடுங்காலம் பாறையைத் தொட்டுக்கொண்டே கிடந்து, கால்சியம், மக்னீசியம், சோடியம், பைகார்பனேட், குளோரைடு, சிலிக்கா முதலியவற்றைத் தன்னுள் கரைத்துக்கொள்கிறது. இதே பாறைகளிலிருந்து கரைந்து வரும் புளோரைடு தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மக்களின் பற்களையும் எலும்புகளையும் பல தலைமுறைகளாகப் பாதித்ததால்தான், ஜப்பான் அரசு முகமையின் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டு 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஒகேனக்கல் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் ஒதுக்கப்படும் வீடுகளில், கார் கழுவுவதற்கு மிஞ்சுவது பெரும்பாலும் போர்வெல் தண்ணீரே.

கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த நீரைக் கடின நீர் என்பர். சோப்பு எளிதில் நுரைக்காமல் திரிதிரியாகப் பிரிவதைக் கொண்டு அதை எவரும் கண்டுகொள்ளலாம். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500, தன் 2012ஆம் ஆண்டுப் பதிப்பில், லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் கிடைக்காத இடங்களில் 600 மில்லிகிராமை உச்ச வரம்பாகவும் கொள்கிறது. கரைந்துள்ள மொத்த உப்புகளுக்கு, அதாவது டி.டி.எஸ். என்று வழங்கும் அளவுக்கு, இதே முறையில் 500, 2,000 மில்லிகிராம் என்னும் வரம்புகள் உள்ளன. ஆகவே லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் உப்பு கொண்ட போர்வெல் நீர்கூட, மாற்று நீர் இல்லாத ஊரில், இந்தத் தரத்தின்படி குடிக்கத்தக்க நீராகவே கருதப்படும். அந்த நீரில் அலசிய காரின் உடலெங்கும் அரை லிட்டர் அளவு துளிகள் தங்கி அப்படியே காய்ந்தால், ஏறத்தாழ அரை கிராம் உப்பு அதன் மீது படிந்திருக்கும். அரை கிராம் என்பது சிறு அளவுதான். ஆனால் அது நூற்றுக்கணக்கான வளையங்களாகப் பிரிந்து, ஒளியைப் பிரதிபலிக்கும் பளபளப்பான பரப்பின் மீது நிற்கும்போது, கறுப்புக் காரில் எவர் கண்ணுக்கும் தப்பாது.

படியும் உப்புகளில் முக்கியமானது கால்சியம் கார்பனேட்டாகும். நீரில் கால்சியம் பைகார்பனேட் என்னும் கரையும் வடிவில் இருந்தது, நீர் ஆவியாகும்போதும் சூடேறும்போதும் கார்பன் டை ஆக்சைடை இழந்து, கரையாத கார்பனேட்டாக மாறுகிறது. வெந்நீர்ப் பாத்திரத்தின் உட்புறத்தில் அடுக்கடுக்காகப் படியும் வெண்மையான ஓடும் இதுவே. இரண்டுக்கும் வேதியியலில் வேறுபாடு இல்லை. உப்புப் பெரும்பாலும் துளியின் நடுவில் திரளாமல் விளிம்பில் வளையமாக நிற்பதற்கான காரணத்தை, சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997இல் நேச்சர் இதழில் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினர். துளியின் விளிம்பு பரப்போடு ஒட்டி அசையாமல் நிற்க, அங்கேதான் ஆவியாதல் மிக விரைவாக நடக்கிறது. இழந்ததை ஈடுசெய்ய நடுவிலுள்ள நீர் விளிம்பை நோக்கி ஓடுகிறது, ஓடும் நீர் தன்னிடம் உள்ள பொருளையும் அங்கே கொண்டு சேர்க்கிறது. சிந்திய காபி காய்ந்து விடும் கறையில் காணப்படும் இந்த நிகழ்வுதான், காரின் கூரையில் ஆயிரம் முறை திரும்ப நடக்கிறது.

நீர்த்துளி பூதக்கண்ணாடியைப் போல வெயிலைக் குவித்துப் பெயிண்டைச் சுட்டுவிடுகிறது என்னும் நம்பிக்கை பரவலாக உண்டு, அது சரியன்று. சமதளத்தின் மீது கவிந்திருக்கும் துளியின் வழியாகச் செல்லும் ஒளி, துளியின் அடிப்பரப்பில் குவிவதில்லை. அதன் குவிமையம் பரப்புக்கு வெகு கீழே அமைகிறது. புடாபெஸ்ட் நகர ஆய்வாளர்கள் தாவர இலைகளைக் கொண்டு 2010இல் வெளியிட்ட ஆய்விலும், வழவழப்பான இலைகளை நீர்த்துளிகள் வெயிலில் சுடவில்லை என்பதும், மயிர் போன்ற தூவிகள் துளியை இலையிலிருந்து உயர்த்திப் பிடிக்கும் சில செடிகளில் மட்டுமே அது நேரக்கூடும் என்பதும் தெரியவந்தன. இது தேவையற்ற விவரம் போலத் தோன்றலாம்; ஆனால் குற்றவாளியைத் தவறாக அடையாளம் கண்டால் பரிகாரமும் தவறிவிடும் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்படியானால் வெயில் செய்வது என்ன? அது துடைப்பதற்கான நேரத்தைப் பறித்துக்கொள்கிறது. கோடை உச்சியில் கறுப்பு நிற உலோகப் பரப்பு 70 டிகிரி செல்சியசையும் எட்டக்கூடும், வெள்ளைப் பரப்பு அதைவிடக் கணிசமாகக் குறைந்த சூட்டிலேயே நிற்கும். சூடேறிய பானட்டில் விழுந்த நீர், கை துணியை எடுத்து நீட்டுவதற்குள் ஆவியாகி, உப்பை மட்டும் விட்டுச் செல்கிறது. ஷாம்பு நுரையும் இவ்வாறே காய்ந்து, அலசினாலும் எளிதில் போகாத கோடுகளாக ஒட்டிக்கொள்கிறது. இந்த மேட்டுநிலத்தில் வெப்பம் மட்டும் காரணமன்று என்பதையும் கருத வேண்டும்: மாசி, பங்குனியின் வறண்ட காற்றிலும், ஆடி மாதத்தின் பலத்த காற்றிலும், நிழலில் நிற்கும் காரின் மீதுள்ள துளிகளும் விரைவாகக் காய்ந்துவிடுகின்றன. மரநிழலும் இங்கே முழுப் பாதுகாப்பன்று; மாமரங்கள் பூக்கும் பருவத்தில் தத்துப்பூச்சிகள் சுரக்கும் இனிப்பான பிசின் நிழலில் நின்ற காரின் மீது நுண்துளிகளாகப் படிந்து, தூசியைப் பிடித்துக்கொண்டு, வெறும் நீருக்கு அசையாத பூச்சாக மாறுகிறது.

கறையை உடனே துடைத்தெடுத்தால் இழப்பு ஒன்றுமில்லை. அதை வாரக்கணக்கில் விட்டுவிட்டால் நிலைமை மாறுகிறது. காரின் நிறப்பூச்சுக்கு மேலே கிளியர் கோட் எனப்படும் நிறமற்ற காப்புப் பூச்சு உண்டு. அதன் தடிமன் சுமார் 40 முதல் 50 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அளவே. பனியிலும் தூறலிலும் மீண்டும் மீண்டும் நனைந்து காயும் உப்பு, புகையிலும் தூசியிலும் உள்ள அமிலப் பொருள்களோடு சேர்ந்து, அந்த மெல்லிய பூச்சில் வெயிலின் சூட்டில் நுண்ணிய குழிகளை அரித்துவிடக்கூடும். மேலே ஒட்டிய கறையைக் கரைக்கலாம். குழியை ஒருபோதும் கழுவ முடியாது.

வெயிலிலேயே கழுவியாக வேண்டியவர் முதலில் செய்ய வேண்டியது, உலோகத்தின் சூட்டைத் தணிப்பதாகும். புறங்கையை பானட்டின் மீது வைத்து ஐந்தாறு நொடிகள் தாங்க முடியாவிட்டால் அது இன்னும் கழுவும் நிலைக்கு வரவில்லை என்று பொருள்; இன்ஜினின் சூடும் சேர்ந்திருக்கும் என்பதால், காரை நிறுத்திச் சிறிது நேரம் காத்திருந்து, பிறகு கூரையிலிருந்து கீழ்நோக்கி நீரை ஓடவிட்டுக் குளிரச் செய்ய வேண்டும். இந்த முதல் நீர் தூசியையும் இறக்குகிறது. கிரானைட் குவாரிகளும் அறுவை ஆலைகளும் நிறைந்த இம்மாவட்டத்தின் சாலைத் தூசியில் குவார்ட்ஸ் துகள்கள் கலந்திருக்கும். அவை கிளியர் கோட்டைவிடப் பன்மடங்கு கடினமானவை என்பதால், உலர்ந்த துணியால் தூசியைத் தட்டித் துடைக்கும் பழக்கம் உப்புக் கறையைவிட அதிகக் கேட்டைச் செய்கிறது.

அதன் பின்னர் கார் முழுவதையும் ஒரே மூச்சில் நுரையால் மூடிவிடாமல், கூரை, பானட், ஒரு பக்கக் கதவுகள் என்று பகுதி பகுதியாக எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியை நுரையிட்டு, அலசி, துடைத்து உலர்த்திய பின்னரே அடுத்ததற்குச் செல்ல வேண்டும். கழுவாத பகுதிகள் இடையில் காய்ந்துவிடாதபடி அவ்வப்போது நீர் தெளித்து ஈரமாக வைத்திருப்பது நல்லது. வெயில் படாத பக்கத்தை முதலில் முடித்துக்கொண்டு, காரைத் திருப்பி நிறுத்தி மறுபக்கத்தையும் நிழலாக்கிக்கொள்ளும் எளிய உத்தியை வாட்டர் சர்வீஸ் நிலையங்களில் காணலாம். துணி துவைக்கும் பவுடர் காரத்தன்மை மிகுந்தது, மெழுகுக் காப்பை நீக்கிவிடும்; கார் ஷாம்புவைச் சிறிதளவு கலப்பதே போதும். மெழுகு பூசிய காரில் நீர் உருண்டை உருண்டையாக நிற்பது கண்ணுக்கு அழகாகத் தெரிந்தாலும், வெயிலில் ஒவ்வோர் உருண்டையும் ஓர் அடர்ந்த உப்புப் புள்ளியாகக் காயும். மெழுகு கறையைத் தடுப்பதில்லை, அதைத் துடைத்தெடுப்பதை எளிதாக்குகிறது. கடைசியாக அலசும்போது குழாய்முனையைக் கழற்றிவிட்டு நீரை மெதுவாகப் படலமாக ஓடவிட்டால், பெரும்பகுதி தானே வழிந்துவிடும், மிச்சத்தைப் பெரிய மைக்ரோஃபைபர் துணி ஒற்றி எடுத்துவிடும்.

இவை எல்லாவற்றையும்விட அதிகப் பலன் தருவது கடைசி அலசலுக்கு எந்த நீரைப் பயன்படுத்துவது என்பதே. 1980களிலிருந்து வாகனத் தொழிலால் வளர்ந்த ஓசூர்ப் பகுதி மக்களுக்கு இதில் ஒரு நெருங்கிய பாடம் உண்டு: வாகன உடல்களுக்குப் பெயிண்ட் பூசும் நவீன ஆலைகளில், உலோகத்தைப் பலமுறை கழுவித் தூய்மைப்படுத்திய பின்னர், இறுதி அலசலுக்குக் கனிமங்கள் நீக்கப்பட்ட நீரையே பயன்படுத்துகிறார்கள், ஏனெனில் மிஞ்சிய உப்பு பெயிண்டின் அடியில் கொப்புளங்களுக்கு வழிவகுக்கும். முதலில் ஊற்றும் நீர் எதுவாயினும், இறுதியில் காய்வது உப்பில்லாத நீராக இருந்தால் போதும் என்பதே அதன் அடிப்படை. வீட்டிலும் இதைச் செய்யலாம். ஒரு காருக்கான கடைசி அலசலுக்கு ஐந்தாறு லிட்டர் போதுமானது. காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து சொட்டுவதால் ஏ.சி. எந்திரத்தின் குழாயில் வடியும் நீரில் கரைந்த உப்பு மிகக் குறைவு. அதை ஒரு கேனில் சேர்த்துத் துணியில் வடிகட்டி வைத்துக்கொள்ளலாம். முதல் மழையில் கூரைத் தூசி அடித்துச் செல்லப்பட்ட பிறகு பிடித்த மழைநீரும் அவ்வாறே சிறந்தது, 2003இல் தமிழ்நாட்டில் கட்டடங்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு அமைப்புகளிலிருந்து இதற்கென ஒரு தொட்டி ஒதுக்குவது கடினமன்று.

இதற்கு நேர்மாறான ஒரு பழக்கம், நல்ல எண்ணத்தோடு செய்யப்பட்டாலும், கறையைப் பெருக்குகிறது. ஆர்.ஓ. சுத்திகரிப்பான் வெளியேற்றும் கழிவு நீரை வீணாக்காமல் சேர்த்துக் கார் கழுவுவோர் பலர். ஆனால் குடிநீரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட உப்புகள் அனைத்தும் அந்தக் கழிவு நீரில்தான் குவிந்துள்ளன. அதைச் சக்கரங்களுக்கும் அடிப்பாகத்தின் சேற்றுக்கும் முதல் நீராகப் பயன்படுத்தலாம், கடைசி நீராக மட்டும் ஒருபோதும் பயன்படுத்தலாகாது. நீர் மென்மையாக்கும் எந்திரம் வைத்திருப்போரும் இதை உணர வேண்டும்: அது கால்சியத்துக்குப் பதிலாகச் சோடியத்தை வைக்கிறதே ஒழிய, உப்பின் மொத்த அளவைக் குறைப்பதில்லை, கறை வரும், ஆனால் ஈரத் துணிக்கே கரைந்துவிடும்.

தண்ணீரின் அளவு இவ்வட்டாரத்தில் தனியாகக் கருதத்தக்கது. 2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம் குடிநீரால் கார் கழுவத் தடை விதித்து, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. அந்நகரின் தண்ணீர்த் தட்டுப்பாட்டுக்குக் காரணமான பாறை நிலமும் வற்றிய போர்வெல்களும் எல்லைக்கு இப்புறமும் உண்டு. ஆற்று நீரையும் முழுதாக நம்பிவிட முடியாது: வேப்பனப்பள்ளியின் ஆறான மார்க்கண்டேய நதியின் மேற்பகுதியில், கோலார் மாவட்டத்தின் யர்கோல் அருகே கர்நாடகம் அணை கட்டியதை எதிர்த்த தமிழ்நாட்டின் மனுவை உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் ஏற்கவில்லை. நிமிடத்துக்கு 12 லிட்டர் பாயும் குழாயைக் கால் மணி நேரம் திறந்துவிட்டால் 180 லிட்டர் போய்விடும். இரண்டு வாளிகளும் ஒரு மக்கும் கொண்டு முறையாகக் கழுவினால் 40 லிட்டரில் முடித்துவிடலாம். வாளியும் மக்கும் கொண்டு பகுதி பகுதியாகக் கழுவும் முறையே தண்ணீரையும் மிச்சப்படுத்துகிறது என்பது இங்கே பெரிய ஆறுதல்.

கறை ஏற்கனவே படிந்துவிட்ட காரை நிழலில் நிறுத்தி, குளிர்ந்த பரப்பில், வெள்ளை வினிகரைச் சம அளவு நீரில் கலந்து துணியில் நனைத்து, ஒன்றிரண்டு நிமிடங்கள் ஒற்றி வைத்தால், கால்சியம் கார்பனேட் கரைந்துவிடும். உடனே நிறைய நீரால் அலசி மீண்டும் மெழுகு பூச வேண்டும். பித்தளைப் பாத்திரத்துக்கு உதவும் புளி, கசடும் ஒட்டும் தன்மையும் கொண்டதால் காருக்கு ஏற்றதன்று. வினிகருக்கும் அசையாத கறை பெரும்பாலும் சிலிக்காவாகவோ, அரிப்புக் குழியாகவோ இருக்கும். அதற்கு மெல்லிய தேய்ப்புப் பசை கொண்டு பாலிஷ் செய்வதே வழி, ஆனால் ஒவ்வொரு பாலிஷும் அந்த 40 மைக்ரான் பூச்சிலிருந்து ஓரிரு மைக்ரானைச் சுரண்டி எடுத்துவிடுகிறது என்பதால், பாலிஷை அரிதாகவே, அதுவும் பூச்சின் தடிமனை அளக்கும் கருவி வைத்திருக்கும் பட்டறையில் செய்துகொள்வதே பாதுகாப்பானது.