ஒரே கட்டடம், இரண்டு கூரைகள்

1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோ நகரை வெப்ப அலை தாக்கியது. 700-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நகரைக் குளிர்விக்கும் வழிகளைத் தேடிய மேயர் ரிச்சர்ட் டேலியின் நிர்வாகம், தன் தலைமை அலுவலகமான நகர மன்றத்தின் மொட்டை மாடியையே சோதனைக் களமாக்கியது. 2001-இல் அங்கே சுமார் 20,000 செடிகளுடன் ஒரு தோட்டம் உருவானது.

இந்தக் கட்டடத்தின் மறுபாதி குக் மாவட்ட நிர்வாகத்துடையது. அங்கே கறுப்புத் தார்க் கூரை அப்படியே இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது! அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதப் பிற்பகல் ஒன்றில் அளந்தபோது, தார்க் கூரை சுமார் 76 டிகிரி செல்சியஸில் கொதித்தது. செடிகள் இருந்த இடங்களிலோ 33 முதல் 48 டிகிரிதான்.

இலைகள் நிழல் தருகின்றன; அவை வெளியேற்றும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துச் செல்கிறது. மண் அடுக்கு மிச்ச வெப்பத்தைத் தடுக்கிறது. இதனால் ஏ.சி.யின் வேலை குறைகிறது. பலன் அதிகம் கிடைப்பது மேல்தளத்துக்கே. அதனால் அகலமான, உயரம் குறைந்த அலுவலகங்களுக்கு மாடித் தோட்டம் இன்னும் பொருத்தம்.

இப்படித் தோட்டம் அமைக்கும் முன், மழையில் ஊறிய மண்ணின் எடையைக் கட்டடம் தாங்குமா என்பதைப் பொறியாளர் முதலில் கணக்கிட வேண்டும். நீர்க்கசிவுத் தடுப்பும், வேர்த் தடுப்பும் அதற்கடுத்த வேலை.