திறனும் பழிப்பும்: நகர்வு, திட்டமிடல் குறித்த ஆங்கிலச் சொற்களும் தமிழ் நிகரன் தேர்வும்

முன்னுரை

ஒருபொருட்பன்மொழி என அகராதிகள் தொகுத்துத் தரும் சொற்கள் பொருளால் நெருங்கியவை. மதிப்பாலும் நெருங்கியவை எனக் கொள்ள இயலாது. திறமையான நகர்வையும் மறைவான திட்டமிடலையும் குறிக்கும் மனூவர், கிராஃப்ட், கன்னிங், பிளாட், ஸ்கீம், இன்ட்ரீக், மெஷினேஷன் ஆகிய ஆங்கிலச் சொற்கள் இதற்குத் தக்க சான்றாகும். பீட்டர் மார்க் ரோஜெட் 1852-இல் வெளியிட்ட சொற்களஞ்சியத்தில் திறனும் கபடமும் தனித்தனித் தலைப்புகளாக, ஆனால் அருகருகே வைக்கப்பட்டுள்ளன. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட எல்லை மெல்லியது என்பதை அவ்வைப்புமுறையே உணர்த்துகின்றது. தமிழாக்கத்தில் இச்சொற்களைச் 'சூழ்ச்சி', 'தந்திரம்' என்னும் இரு சொற்களுள் அடக்கும்போது அவ்வெல்லை அழிந்துவிடுகின்றது. அவ்வெல்லை எங்குள்ளது, தமிழில் அதை எவ்வாறு காப்பது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

மூலப்பொருள்

மேற்கண்ட சொற்களுள் எதுவும் தோற்றத்தில் வஞ்சனையைக் குறித்ததன்று. 'மனூவர்' என்பது கையால் உழைத்தல் என்னும் பொருள்தரும் இலத்தீன் தொடரிலிருந்து பிரெஞ்சு வழியாக 18-ஆம் நூற்றாண்டில் படைத்துறைச் சொல்லாக ஆங்கிலத்துள் புகுந்தது. அதே மூலத்திலிருந்து முன்னரே வந்த 'மன்யூர்' நிலத்தைப் பண்படுத்துதலைக் குறித்து, பின்னர் எருவைக் குறிக்கலாயிற்று. 'கிராஃப்ட்' பழைய ஆங்கிலத்தில் வலிமை, ஆற்றல், திறன் ஆகியவற்றைச் சுட்டியது. அதன் இனச்சொல்லான ஜெர்மானிய 'கிராஃப்ட்' இன்றும் வலிமை என்றே பொருள்படுகின்றது. 'கன்னிங்' என்பது அறிதல் என்னும் வினையடியாகப் பிறந்தது. 1611-ஆம் ஆண்டு ஆங்கில விவிலியத்தில் தேர்ந்த கைவினைஞரும் யாழிசைப்போரும் இச்சொல்லாலேயே பாராட்டப்படுகின்றனர். 'பிளாட்' சிறுநிலப்பகுதியையும் பின் அதன் வரைபடத்தையும் குறித்தது. 'ஸ்கீம்' வடிவம் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல். 'இன்ட்ரீக்' சிக்கவைத்தல் என்னும் இலத்தீன் வினையின் வழிவந்தது. 'மெஷினேஷன்' பொறி என்னும் சொல்லோடு உறவுடையது.

கை, அறிவு, நிலம், வடிவம், சிக்கல், பொறி ஆகியனவே இச்சொற்களின் நிலைக்களன்கள். பழிப்பு பின்னர் வந்து சேர்ந்தது. 'நாற்றம்' நறுமணத்தினின்று தீமணத்திற்கு இறங்கியதைப் போன்ற இழிபொருட்பேறு என இதனைக் கூறலாம். ஆயினும் அவ்விளக்கம் மட்டும் போதாது. இச்சொற்கள் முழுமையாக இறங்கவில்லை. சில வடிவங்களில் மட்டுமே இறங்கியுள்ளன.

செயலும் ஆளும்

'கிராஃப்ட்' என்னும் பெயர்ச்சொல் இன்றும் கைவினையைக் குறித்துப் பெருமையுடன் வழங்குகின்றது. 'கிராஃப்டி' என்னும் பெயரடையோ கபடமுள்ளவரைச் சுட்டுகின்றது. 'டிசைன்' வடிவமைப்பு, 'டிசைனிங்' என ஒருவரைக் கூறின், உள்நோக்கத்தோடு பழகுபவர் என்பது பொருள். 'ஸ்கீம்', 'ஸ்கீமிங்' என்னும் இணையும் இத்தகையதே. இவற்றில் ஓர் ஒழுங்கு புலனாகின்றது. திறன் ஒரு செயலின் மீதோ படைப்பின் மீதோ ஏற்றப்படும்போது சொல் நடுநிலையில் நிற்கின்றது. அத்திறனே ஓர் ஆளின் இயல்பாகக் கூறப்படும்போது ஐயம் தோன்றிப் பழிப்பாகின்றது.

தமிழிலும் இதற்கு இணை உண்டு. 'தந்திரமாகத் தப்பினான்' என்பதில் மெச்சுதல் உள்ளது. 'அவன் தந்திரக்காரன்' என்பதில் எச்சரிக்கை உள்ளது. 'காரன்' என்னும் விகுதி இப்பழிப்பிற்குக் காரணமன்று. 'தோட்டக்காரன்', 'கடைக்காரன்' ஆகியவற்றில் அது தொழிலையே சுட்டுகின்றது. ஒருமுறை வெளிப்பட்ட திறன் நிலைத்த குணமாக மாற்றியுரைக்கப்படுவதே காரணம் எனலாம். 'தந்திரம்' என்னும் சொல்லுக்கு நூல், நெறி என்னும் பொருள்களும் உண்டு என்பதைத் திருமந்திரத்தின் ஒன்பது தந்திரங்கள் காட்டுகின்றன.

'சூழ்ச்சி'யின் வரலாறு

'சூழ்' என்னும் வினை சுற்றுதலையும் பலவாறு எண்ணுதலையும் குறிப்பது. திருக்குறளில் வினைசெயல்வகை அதிகாரத்தில் வரும் 'சூழ்ச்சி' ஆராய்ந்தெண்ணுதலே. பெரியாரைத் துணைக்கோடலில் வரும் 'சூழ்வார்' மன்னனுக்குக் கண்ணாக விளங்கும் அறிவுடையோர். அவர்களைச் 'சதி செய்வோர்' என இன்றைய வழக்கால் பொருள்கொண்டால் அக்குறளின் கருத்தே தலைகீழாகும். தீவினையச்சத்தில் இதே வினை பிறர்க்குத் தீங்கு எண்ணுவதற்கும் ஆளப்படுகின்றது. அங்குப் பழிப்பைத் தருவது 'கேடு' என்னும் செயப்படுபொருளேயன்றி வினையன்று.

கம்பராமாயண அயோத்தியா காண்டத்தின் முதற்படலம் மந்திரப் படலம். அடுத்தது மந்தரை சூழ்ச்சிப் படலம். அவையில் நிகழும் ஆய்வுக்கு 'மந்திரம்' என்னும் பெயரும், தனித்து மறைவில் எண்ணப்படுவதற்குச் 'சூழ்ச்சி' என்னும் பெயரும் அமைந்துள்ளன. இக்காலத் தமிழிலோ 'சூழ்ச்சி' தனித்து நின்றே தீய நோக்கத்தை உணர்த்துகின்றது. முன்பு செயப்படுபொருளில் இருந்த பழிப்பு இன்று சொல்லுக்குள்ளேயே குடிகொண்டுவிட்டது.

நிகரன் தேர்வு

ஆகவே, ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்குமுன் பழிப்பு எங்குள்ளது என வினவுதல் இன்றியமையாதது: சொல்லிலா, செயப்படுபொருளிலா, ஆளின் குணத்திலா? 'மெஷினேஷன்' சொல்லளவிலேயே பழிப்புடையது. ஆதலால் 'சூழ்ச்சி', 'சதி' பொருந்தும். 'மனூவர்' அத்தகையதன்று. படைத்துறையில் அது 'படைநகர்வு'. பன்மையில் 'போர் ஒத்திகை'. குறுகிய நீர்வழியில் கப்பலைத் திருப்புவதைக் குறிப்பின் 'லாவகமாகச் செலுத்துதல்' எனலாம். தொண்டையில் சிக்கிய உணவை வெளியேற்ற வயிற்றின் மேற்பகுதியைக் கைகளால் அழுத்தும் ஹைம்லிக் முறையில், கைவினை என்னும் மூலப்பொருளே தங்கியுள்ளது. அரசியலில் பேச்சுவழக்கின் 'காய் நகர்த்தல்' மிகப் பொருத்தமானது. எதிராளி ஒருவன் இருப்பதையும் ஆடுபவனின் திறனையும் அது ஒருங்கே உணர்த்துகின்றது. நன்மை தீமையைச் சூழலுக்கு விட்டுவிடுகின்றது.

'ஸ்கீம்' மற்றொரு வகைச் சிக்கலைத் தருகின்றது. இந்திய, பிரித்தானிய ஆங்கிலங்களில் அரசின் நலத்திட்டமும் 'ஸ்கீம்'தான். அமெரிக்க ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் மோசடிச் சாயலுடையது. புதியவர் தரும் பணத்தைப் பழையவர்க்கு இலாபமெனக் கொடுத்து ஏமாற்றும் 'பொன்சி ஸ்கீம்' என்பதைப் 'பொன்சி திட்டம்' எனத் தமிழாக்கினால், அரசின் ஓய்வூதியத் திட்டத்தோடு அது ஒரே நிரையில் நிற்கும். 'பொன்சி மோசடி' என்பதே வாசகரைக் காக்கும் நிகரனாகும்.

முடிவுரை

திறன்குறித்த சொற்கள் ஆங்கிலத்திலும் தமிழிலும் ஒரே திசையில் சரிந்துள்ளன. ஆனால் ஒரே அளவில் சரியவில்லை. 'சூழ்ச்சி' முழுமையாக இறங்கிவிட்டது. 'மனூவர்' பாதி வழியில் நிற்கின்றது. இவ்விரண்டையும் நிகரன்களாக வைக்கும் அகராதிப் பதிவு, ஒரு படைத்தலைவரின் போர்த்திறனைச் சதியாக்கிவிடக்கூடும். இருமொழி அகராதிகள் பொருளோடு மதிப்புச்சாயலையும், அது செயலைச் சுட்டுகின்றதா ஆளைச் சுட்டுகின்றதா என்பதையும் குறித்தல் வேண்டும். அக்குறிப்பு மொழிபெயர்ப்பாளர்க்கு மட்டுமன்றி, பழந்தமிழ் நூல்களை இன்றைய பொருளால் அளக்க முற்படும் ஆய்வாளர்க்கும் பயன்தரும்.